கல்லும் ஏடும்

திருச்சிற்றம்பலம்

தோன்றுதல், நிற்றல், அழிதல் என்னும் மூன்றற்கும் உட்பட்டது இவ்வுலகம் என்பது நம் சித்தாந்த நூல்களின் முதற்பாடம். சுட்டியறியப்படும் பொருள் யாவும் இவ்விதிக்கு அடங்கும். அங்ஙனமாயின், இவ்வுண்மையை நமக்கு உரைக்கும் நூல்தானும் இவ்விதிக்கு விலக்காதல் கூடுமோ? கூடாது. நூலின் பொருள் என்றும் உளதாயினும், அதனைத் தாங்கிய கல்லும் செம்பும் ஓலையும் தாளும் தோன்றி நின்று மறைவனவே. மக்கள் தம் சொல்லை அழியாமல் வைத்தற்கு எவ்வெப் பொருளை நாடினர், அவற்றுள் நின்றது எது, நின்றது எதனால் நின்றது என்பவற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஆராய்ச்சிக்குத் தொடக்கமாக நடுநாட்டில் செஞ்சியை அடுத்த ஒரு சிற்றூரைக் கொள்கின்றேன். அவ்வூரின் பெயர் மண்டகப்பட்டு.

மண்டகப்பட்டுக் கல்வெட்டு

செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் இடைப்பட்ட நிலத்தில் உள்ளது இவ்வூர். ஊர்ப்புறத்தே ஒரு பாறையின் முகத்தைச் சமன்படச் செதுக்கி, உள்ளே குடைந்து, தூண்களையுடைய மண்டபமும் அதன் பின்சுவரில் மூன்று சிறு கருவறைகளும் அமைத்திருக்கின்றனர். முகப்பின் இருபுறத்தும் வாயிற்காவலர் இருவர் நிற்கின்றனர். பல்லவ மன்னனாகிய முதலாம் மகேந்திரவர்மன் கி.பி. 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எடுப்பித்த கோயில் இது. ஆங்கே வடமொழியில், பல்லவ கிரந்த எழுத்தில், ஒரு கல்வெட்டு உளது. செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையும் இன்றியே பிரமன், ஈசன், திருமால் ஆகிய மூவர்க்கும் உறைவிடமாக இதனை விசித்திரசித்தன் என்னும் அரசன் ஆக்குவித்தான் என்பது அதன் கருத்து. விசித்திரசித்தன் என்பது மகேந்திரனுடைய விருதுப் பெயர்களுள் ஒன்று.

இக்கல்வெட்டைப் படிப்போர் ஒன்றைக் கருதுதல் வேண்டும். தான் இன்னது கொண்டு கட்டினேன் என்று அரசன் கூறவில்லை. இன்னின்னவை இன்றிக் கட்டினேன் என்றே கூறுகின்றான். அக்காலத்துக் கோயில்கள் செங்கல்லாலும் மரத்தாலும் இயன்றன. செங்கல் உதிரும், மரம் உளுக்கும், உலோகம் துருவேறும், சுதை பெயரும். அழிவனவற்றை ஒவ்வொன்றாகப் பெயர் சுட்டி விலக்கி, அழியாததைப் பற்றினேன் என்னும் பெருமிதம் அச்சொற்களிற் புலனாகின்றது.

அவன் எண்ணம் பெரும்பாலும் நிறைவேறிற்று. பதினான்கு நூற்றாண்டுகள் கழிந்தும் பாறை நிற்கின்றது, எழுத்தும் நிற்கின்றது. ஆயினும் கருவறை மூன்றும் வெறுமையாகவே உள்ளன. விளக்கில்லை, வழிபாடில்லை. தொல்லியல் துறையினர் காவலில் ஒரு காட்சிப்பொருளாக அக்கோயில் இருக்கின்றது. எழுத்தைப் படித்துப் பொருள் சொல்ல வல்லவர் பயிற்சி பெற்ற கல்வெட்டறிஞர் சிலரே. கல் நின்றது, கல்லிடத்து உயிராய் இருந்தது நீங்கிற்று. நூல்வரலாறு முழுவதற்கும் திறவுகோலாக யான் கொள்வது இக்காட்சியையே.

உலகோர் எழுதிய பொருள்கள்

அழியாப் பொருளை நாடிய வேட்கை மகேந்திரனுக்கு மட்டும் உரியதன்று. பாபிலோனிய நாட்டாரும் அசீரிய நாட்டாரும் ஈரக் களிமண் பலகையில் ஆப்பு வடிவான எழுத்துக்களை அழுத்தி உலர்த்தினர். எகிப்தியர் நீர்க்கோரைத் தண்டைப் பிளந்து ஒட்டித் தாளாக்கினர். மேலைநாட்டார் ஆட்டுத்தோலையும் கன்றுத்தோலையும் பதப்படுத்தி எழுதினர். சீனர் மூங்கிற் சிம்புகளிலும் பட்டிலும் எழுதிப் பின்னர்க் காகிதம் கண்டனர், கி.பி. 105இல் சாய் லுன் என்னும் அரண்மனை அதிகாரி காகிதஞ் செய்யும் முறையைத் திருத்தி அரசனிடம் அளித்தான் என்று அந்நாட்டு வரலாறு கூறும்.

களிமண் நூல்களின் கதை வியப்புடையது. அசீரிய மன்னன் அசூர்பானிபால் கி.மு. 7ஆம் நூற்றாண்டில் நினிவே நகரில் பெரியதொரு நூல்நிலையம் வைத்திருந்தான். கி.மு. 612இல் பகைவர் அந்நகரைத் தீயிட்டனர். ஓலையோ தாளோ ஆயின் சாம்பராகியிருக்கும். களிமண் பலகைகளோ தீயில் வெந்து செங்கற்போல் இறுகின. முப்பதினாயிரம் அளவான பலகைகளும் துண்டுகளும் 19ஆம் நூற்றாண்டில் மண்ணினின்று அகழ்ந்தெடுக்கப்பட்டன. ஆனால் இடைப்பட்ட ஈராயிரத்துக்கு மேற்பட்ட ஆண்டுகளில் அந்நூல்களை ஓதியவர் எவர்? ஒருவருமிலர். அவ்வெழுத்தைப் படிக்கும் அறிவே உலகில் அற்றுப்போயிற்று. அறிஞர் பலர் பல்லாண்டு முயன்று, 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அதனை மீளக் கண்டனர். பொருள் கெடவில்லை, ஓதுவார் மரபு கெட்டது. அதனால் நூல் மண்ணாகவே கிடந்தது.

மகேந்திரன் நடுநாட்டுப் பாறையைக் குடைந்த அதே காலத்தில், சீன நாட்டில் இக்காலப் பெய்சிங் நகர்க்கு அணித்தான பாங்சான் மலையில் சிங்வான் என்னும் புத்தத் துறவி தம் சமய நூல்களைக் கற்பலகைகளில் வெட்டுவிக்கத் தொடங்கினார். சமயத்துக்கு அழிவுகாலம் வருகின்றது, தாளும் பட்டும் நில்லா என அவர் அஞ்சினார். அவர் 639இல் மறைந்த பின்னும் மாணாக்கர் வழிமுறையாகப் பல நூற்றாண்டுகள் அப்பணி நடந்தது. இன்று ஆங்குள்ள பலகைகள் பதினாலாயிரத்துக்கு மேல். பர்மிய மன்னன் மிண்டோன் மாந்தளையில் புத்த பிடகங்களை 729 சலவைக்கற்களில் வெட்டுவித்து 1868இல் முடித்தான். ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு சிறு கோயில் எடுத்துள்ளனர். கல்லில் நூல் பொறிக்கும் இவ்விருப்பம் நாடு, மொழி, சமயம் கடந்தது என்பது இவற்றால் விளங்கும்.

ஏட்டின் இயல்பு

நம் முன்னோர் கல்லில் எழுதினர், செம்பிலும் எழுதினர். செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில் சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த செய்தியைக் கூறும் தமிழ்க் கல்வெட்டு, பிராமி எழுத்து வட்டெழுத்தாக மாறிவந்த நிலையைக் காட்டுவது. கொடையும் வெற்றியும் எல்லையும் கல்லுக்கு உரியவாயின. ஆயினும் இலக்கணமும் இலக்கியமும் சாத்திரமும் தோத்திரமும் பனையோலைக்கே உரியவாயின. காரணம் வெளிப்படை. கல்லை இடம் பெயர்த்தல் அரிது. ஏட்டை ஆசிரியன் தோளிலும் மாணாக்கன் கையிலும் கொண்டு செல்லலாம்.

ஏடு ஆக்கும் முறையை இக்கால இளைஞர் அறியார் ஆதலின் சிறிது கூறுவேன். ஓலையை ஈர்க்கு நீக்கி, ஒரே அளவாக நறுக்கி, நிழலில் உலர்த்தி, நீரிலிட்டு வேகவைத்து, மீண்டும் உலர்த்தி, கூழாங்கல் அல்லது சங்கு கொண்டு மெழுகுவர். பின்னர்த் துளையிட்டுக் கயிறு கோத்து, மேலும் கீழும் மரச்சட்டம் வைத்துக் கட்டுவர். இடக்கையில் ஓலையை ஏந்தி, இடப்பெருவிரலின் தாங்கலில் எழுத்தாணியை நிறுத்தி, ஓலையை நகர்த்தி நகர்த்தி எழுதுவர். எழுதிய வடு கண்ணுக்குப் புலப்படுதற்கு மஞ்சளும் விளக்குக் கரியும் கோவையிலைச் சாறும் போல்வன தடவுவர். அதற்கு மையாடுதல் என்று பெயர். வசம்பு வைத்துப் பூச்சி வாராமற் காப்பர்.

எழுத்தாணியால் அழுத்திப் புள்ளி குத்தின் ஓலை பொத்துப்போம். ஆதலின் மெய்க்குப் புள்ளியிடுதலை விட்டனர். எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வேறுபாடின்றி நின்றன. காலும் ரகரமும் ஒரே வடிவாயின. ஆகவே ஏட்டைக் கண்ணால் மட்டும் படித்தல் இயலாது. யாப்பும் பொருளும் முன்னரே நெஞ்சில் உள்ளவனே பிழையின்றிப் படிப்பான். ஆசிரியர் வாய்மொழி இல்லாத ஏடு பாதி ஊமையே. ஏட்டுக்கும் ஓதுவார்க்கும் உள்ள இத்தொடர்பு நம் மரபின் தனிச்சிறப்பு.

ஏட்டின் வாழ்நாளும் குறுகியது. நன்கு காப்பினும் இருநூறு, முந்நூறு ஆண்டுகளே நிற்கும். அதற்குள் ஒருவன் அதனைப் படியெடுத்துவிடல் வேண்டும். ஏடு உடல், நூற்பொருள் உயிர், படியெடுத்தல் மறுபிறப்பு. ஆயின் ஒரு வேறுபாடு உளது. உயிர் ஓருடலை நீத்த பின்னும் மற்றோருடலை எடுக்கும். நூலோ பழைய உடல் விழுமுன்னரே புதிய உடலை எடுத்தல் வேண்டும். ஒருநாள் தாழ்ப்பினும் அதற்குப் பிறப்பில்லை. இன்று நம் கையிலுள்ள சங்க நூலோ திருமுறையோ சாத்திரமோ எதுவாயினும், ஒவ்வொரு தலைமுறையிலும் பெயரறியா ஒருவர் முதுகு வளைந்து, கண் நொந்து, படியெடுத்தமையாலேயே நம்மை வந்தடைந்தது. அரசர் பெயர் கல்லில் உளது. அப்படியெடுத்தோர் பெயர்களுட் பெரும்பாலன எங்கும் இல.

நடுநாடும் ஏடும்

நடுநாட்டுக்கும் ஏட்டுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. திருக்கோவலூரை ஆண்ட மெய்ப்பொருள் நாயனாரை வெல்ல மாட்டாத பகைவன் முத்தநாதன், திருநீறு பூசி, புத்தகக் கட்டு ஒன்றில் படைக்கலத்தை மறைத்துக்கொண்டு வந்தான். எங்கும் கிடையாத ஆகமம் கொணர்ந்தேன் என்றான். நாயனார் அவனை மேலிருத்தித் தாம் நிலத்தமர்ந்தார். வஞ்சகன் தேர்ந்தெடுத்த உறை புத்தகம் என்பதை நோக்குக. சிவாகமம் என்ற சொல்லுக்கு அவர் எத்துணை எளியராவர் என்பதை அவன் அறிந்திருந்தான்.

நம்பியாரூரரைத் தடுத்தாட்கொண்ட வரலாறும் இந்நாட்டதே. திருமணப் பந்தரில் வந்த முதிய வேதியர் காட்டிய அடிமையோலையை நம்பி பறித்துக் கிழித்தார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குச் சென்றது. கிழித்தது படியோலை, மூலவோலை ஈது என்று வேதியர் எடுத்துக்காட்டினர். அவையத்தார் நம்பியின் பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையைக் கொணர்ந்து கையெழுத்து ஒப்புநோக்கித் தெளிந்தனர். மூலமும் படியும் வேறுபடுத்துதல், கையெழுத்து ஒப்புநோக்குதல், பழைய ஓலைகளைக் காப்பில் வைத்தல் ஆகிய மூன்றும் சேக்கிழார் காலத்தில் எவ்வளவு தெளிவான வழக்காய் இருந்தன என்பது இதனாற் புலனாம். இன்னும் ஒன்று. எல்லாம் வல்ல இறைவனே ஓலைக்கு ஒரு படி எடுத்து வைத்துக்கொண்டு வந்தான் எனின், நாம் எடாதிருத்தல் தகுமோ?

அத்திருவெண்ணெய்நல்லூரிலேயே 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்ட தேவர் சிவஞானபோதம் அருளினார். சூத்திரம் பன்னிரண்டு, நெஞ்சில் வைத்தற்கு அடங்கும் அளவு. அருணந்தி சிவாச்சாரியார் முதலாக மாணாக்கர் வழியில் அது ஓதப்பட்டும் உரைக்கப்பட்டும் வந்தது. ஒரு கல்லிலும் பொறிக்கப்படாமலே அது நின்றது.

செஞ்சிக்கு அணித்தான எண்ணாயிரத்தில் முதலாம் இராசேந்திர சோழர் காலத்தில் 340 மாணாக்கரும் 14 ஆசிரியரும் கொண்ட பெருங்கல்லூரி நடந்ததைக் கல்வெட்டுக் கூறும். நாள்தோறும் வழங்கிய நெல்லின் அளவு வரையிற் கல் நமக்குக் கூறுகின்றது. ஆனால் அம்மாணாக்கர் கைகளில் இருந்த ஏடுகள் எங்கே? ஒன்றேனும் நமக்கு எய்தவில்லை.

ஏட்டின் பகை மூன்று

ஏட்டுக்குப் பகை மூன்று: நீர், நெருப்பு, செல். இவற்றுள் முதலிரண்டையும் ஏடு வென்ற வரலாறு மதுரையில் நிகழ்ந்தது. திருஞானசம்பந்தப் பிள்ளையார் இட்ட ஏடு அனலில் வேகாது பச்சென்றிருந்தது. வைகையில் எதிரேறித் திருவேடகத்திற் சேர்ந்தது. மூன்றாம் பகையாகிய செல்லின் வரலாறு தில்லையில் நிகழ்ந்தது.

திருமுறைகண்ட புராணம் அதனைக் கூறும். மூவர் திருப்பதிகங்களைத் தேடிய சோழ மன்னரும் நம்பியாண்டார் நம்பியும் தில்லையை அடைந்தனர். ஏடுகள் திருக்காப்பிட்ட அறையில் இருந்தன. மூவரும் வந்தாலன்றித் திறவோம் என்றனர் தில்லைவாழந்தணர். மன்னர் மூவர் திருவுருவங்களையும் எழுந்தருளுவித்து அறையைத் திறப்பித்தார். உள்ளே ஏடுகளைப் புற்று மூடியிருந்தது. எண்ணெய் சொரிந்து புற்றை நீக்கியபோது, நூறாயிரத்துக்கு மேற்பட்டனவாகச் சொல்லப்படும் பதிகங்களுள் எண்ணூற்றுக்குச் சற்றுக் குறைந்தனவே எஞ்சின. வருந்திய மன்னர்க்கு, இக்காலத்துக்கு வேண்டுவனவற்றையே வைத்தோம் என ஒரு திருவாக்கு எழுந்தது.

அத்திருவாக்கினை நாம் தலைமேற் கொள்வோம். ஆயினும் அவ்வரலாறு நமக்கு உணர்த்தும் பாடம் ஒன்றும் உளது. எல்லாரும் பார்க்க நெருப்பில் இட்ட ஏடு அழியவில்லை. ஆற்றில் விட்ட ஏடும் அழியவில்லை. பூட்டி வைத்த ஏடுகளே அழிந்தன. நெருப்பினும் நீரினும் கொடியது பூட்டு.

மற்றொன்றும் நோக்குக. எஞ்சிய பதிகங்களுக்குப் பண் இன்னதென அறியாது மயங்கியபோது, திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்மணி திருஎருக்கத்தம்புலியூரில் இருப்பதாக அறிந்து, அவரைக் கொண்டே பண் வகுத்தனர் என்று அப்புராணம் கூறும். அவ்வூரும் நடுநாட்டதே. அரசர் காவலில் இருந்த ஏடு செல்லரித்தது. ஓர் எளிய குடியின் மிடற்றில் இருந்த பண் அழியவில்லை. இராசராச சோழர்க்கு முன்பே, பல்லவ மன்னன் நந்திவர்மன் காலத்துத் திருவல்லக் கல்வெட்டு, திருப்பதியம் பாடுவார்க்கு நிவந்தம் கூறுகின்றது. இராசராசர் தஞ்சைப் பெருங்கோயிலில் திருப்பதியம் விண்ணப்பம் செய்ய 48 பிடாரர்களையும், உடுக்கையும் கொட்டிமத்தளமும் வாசிக்க இருவரையும் நியமித்தார். நூலைக் காத்தற்கு அவர் கண்ட வழி, பூட்டறை அன்று. நாள்தோறும் ஓதும் நாற்பத்தெட்டு மிடறு.

கல் காத்த பதிகமும் ஏடு காத்த நாடகமும்

இங்ஙனங் கூறுதலால் கல் பயனற்றது என்று கொள்ளற்க. சோழநாட்டுத் திருவிடைவாய் என்னும் தலத்துக்குச் சம்பந்தர் அருளிய பதிகம் ஏடுகளில் எங்கும் காணப்படவில்லை. 1917ஆம் ஆண்டு அவ்வூர்க் கோயிற் கல்வெட்டிலிருந்து அது கண்டெடுக்கப்பட்டது. என்றோ ஓர் அன்பர் தம்மூர்ப் பதிகத்தைக் கல்லிற் பொறிப்பித்தார். ஏடு கைவிட்டதைக் கல் காத்தது. சம்பந்தர் அவதரித்த சீகாழித் திருக்கோயிலில் 2023ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் மண் அகழ்ந்தபோது, ஐம்பொன் திருமேனிகளோடு தேவாரம் பொறித்த நானூற்றுக்கு மேற்பட்ட செப்பேடுகளும் வெளிப்பட்டன. செம்பும் தன் கடமையைச் செய்திருக்கின்றது.

இனி மகேந்திரனிடம் மீள்வோம். அவன் கல்லை மட்டும் நம்பியவன் அல்லன். வடமொழியில் மத்தவிலாசம் என்னும் நகைச்சுவை நாடகமும் எழுதினான். அந்நாடகம் தொண்டை நாட்டில் வழக்கொழிந்தது. சேரநாட்டில், கோயிற் கூத்தர் அதனை நடித்து வந்தமையால், பனையோலையில் மீண்டும் மீண்டும் படியெடுக்கப்பட்டு நின்றது. கணபதி சாத்திரியார் திருவனந்தபுரத்தில் அதனை அச்சிட்டு வெளியிட்ட ஆண்டு எது? அதே 1917. சைவப் பெரியாரின் பதிகத்தைக் கல் காத்தது. கல்லை நம்பிய அரசனின் நாடகத்தை ஓலை காத்தது. இரண்டும் ஒரே ஆண்டில் உலகுக்குத் தெரியவந்தன.

திருநாவுக்கரசரைப் பலவாறு துன்புறுத்திப் பின்னர்ச் சைவம் சார்ந்த பல்லவன் இம்மகேந்திரனே என்பது அறிஞர் பலர் கொள்கை. குணபரன் என்னும் பெயரோடு அவன் வெட்டுவித்த சிராப்பள்ளிக் கல்வெட்டு, புறநெறியினின்று மீண்டு இலிங்க வழிபாட்டை மேற்கொண்டமையைக் குறிப்பதாக அவர் காட்டுவர். அரசன் ஆணையால் கல்லோடு பிணித்துக் கடலில் இடப்பட்ட பெருமான் அக்கல்லையே தெப்பமாகக் கொண்டு திருப்பாதிரிப்புலியூரில் கரையேறினார். அவரைக் காத்தது கல்லின் இயல்பன்று. அவர் ஓதிய திருவைந்தெழுத்து. ஓதும் நா உள்ளவழிக் கல்லும் மிதக்கும். அஃதில்லாவழிக் கற்கோயிலும் வெறுமையாய் நிற்கும். மண்டகப்பட்டின் மூன்று கருவறைகளும் திருவதிகையில் இன்றும் ஒலிக்கும் அப்பர் பதிகமும் இதற்குச் சான்று.

அச்சு வந்த வரலாறு

சீனர் மரப்பலகையில் எழுத்தை எதிராகச் செதுக்கி மையிட்டுத் தாளில் ஒற்றினர். 868ஆம் ஆண்டு குறித்த வச்சிரச் சேதிகைச் சூத்திரம் அங்ஙனம் அச்சிடப்பட்டது. அது துன்குவாங் குகையில் ஒரு மூடிய அறையிற் கிடந்து 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளிப்பட்டது. கொரிய நாட்டார் 1377இல் உலோக எழுத்தால் அச்சிட்ட புத்த நூல் ஒன்று இன்றும் உளது. செருமனியில் கூட்டன்பர்க் என்பவர் 1455ஐ ஒட்டி விவிலியத்தை அச்சிட்ட பின்னர் ஐரோப்பா முழுதும் அச்சுக்கூடங்கள் பெருகின.

இந்திய மொழிகளுள் முதலில் அச்சேறியது தமிழே. 1578இல் கொல்லத்தில் அண்டிரிக்கு அடிகள் தம்பிரான் வணக்கம் என்னும் கிறித்தவ நூலைத் தமிழெழுத்தில் அச்சிட்டார். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தரங்கம்பாடியில் சீகன்பால்கு பாதிரியார் அச்சுக்கூடம் நிறுவினார். 1761ஆம் ஆண்டு சனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயர் வசமாயிற்று; அவ்வாண்டு ஏப்ரலில் பிரெஞ்சுக்காரர் கையிலிருந்த செஞ்சிக் கோட்டையும் வீழ்ந்தது. கோட்டையைக் கொண்டதனால் ஆங்கிலேயர்க்கு நெடும்பயன் விளையவில்லை. புதுச்சேரியிற் கைப்பற்றிய அச்சுப்பொறியோ சென்னை வேப்பேரியில் பப்ரிசியசு பாதிரியாரிடம் சேர்ந்து, தமிழ் நூல்கள் பலவற்றுக்குப் பிறப்பிடமாயிற்று. மூன்று குன்றுகளை வளைத்த மதிலைக் காட்டிலும் ஒரு சிறு பொறி நெடிது உழைத்தது.

1835இல் மெட்காபு காலத்துச் சட்டம் அச்சுத்தொழிலின் தளைகளை நீக்கியபின் நம்மவர் அச்சுக்கூடங்கள் பெருகின. யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் 1849இல் சென்னைக்கு வந்து அச்சுப்பொறி வாங்கிச் சென்று, சைவ நூல்களைப் பல பிரதிகளோடு ஒப்புநோக்கிப் பிழையறப் பதிப்பித்தார். பெரியபுராண வசனம் 1852இல் வெளிவந்தது. பிற சமயத்தார் கருவியைக் கொண்டே நம் சமயத்தைக் காத்த பெருமான் அவர். சி. வை. தாமோதரம் பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் அவ்வழியில் நின்று, அழியுந் தறுவாயில் இருந்த நூல்களைக் கரையேற்றினர். திருக்கைலாய பரம்பரைத் திருமடங்கள் காத்துவைத்த ஏடுகளே அப்பதிப்புக்களுக்குப் பெருந்துணையாயின என்பதும் மறக்கற்பாலதன்று.

அடியேன் செய்த பிழை

யான் மடத்துப் பாடசாலையிற் பயின்ற நாளில், எம் ஆசிரியர் அச்சுப் புத்தகம் கையில் இருப்பினும் ஏட்டிலிருந்தே சில செய்யுளைப் படிக்கச் செய்வார். படித்ததைத் தாளில் எழுதிக் காட்டல் வேண்டும். அது வீண்வேலை என்று அந்நாளில் எண்ணினேன். பின்னர்த் தமிழாசிரியனாகச் செஞ்சிப் பக்கத்தில் வேலை பார்த்தபோது, ஒரு சிற்றூரில் முதியவர் ஒருவர் என்னைத் தம் இல்லத்துக்கு அழைத்துச் சென்று, பூசையறையிற் செந்துணியில் முடிந்திருந்த ஐந்து சுவடிக் கட்டுக்களைக் காட்டினார். ஆண்டுதோறும் சரசுவதி பூசையன்று சந்தனமிட்டு வணங்குவதன்றி அவிழ்ப்பதில்லை என்றார். ஒன்றை அவிழ்த்தேன். தலவரலாறு போன்ற ஒரு செய்யுள் நூல், நான் அறியாதது. இரண்டு ஏடு படித்தேன். பொழுது சாய்ந்தது. "கோடை விடுமுறையில் வந்து படியெடுக்கின்றேன் ஐயா" என்றேன். "அவசியம் வாங்க. எனக்கப்புறம் இதைத் தொட ஆளில்லை" என்றார் அவர்.

அக்கோடையில் வேறு பணி வந்தது. மறு கோடையில் என் வீட்டில் ஒரு திருமணம். மூன்றாம் ஆண்டு சென்றேன். பெரியவர் சிவபதம் அடைந்திருந்தார். வீட்டைப் பிரித்து மாடி கட்டியிருந்தனர். ஏடுகளைக் கேட்டேன். மகனார் நல்லவர்; வருந்தியே சொன்னார்: மழையில் நனைந்து புழுத்துவிட்டன, வீட்டில் வைத்தல் ஆகாது என்றார்கள், ஆற்றில் விட்டுவிட்டோம் என்று. சட்டம் ஒன்று மட்டும் எஞ்சியிருந்தது. அதனை எனக்குக் கொடுத்தார். இன்றும் என் மேசைமேல் இருக்கின்றது. அந்நூலின் பெயரும் அறியேன். ஆசிரியர் பெயரும் அறியேன். நீரும் செல்லும் செய்த பிழை சிறிது. விடுமுறைக்கு வருகின்றேன் என்று சொன்ன வாய் செய்த பிழை பெரிது.

இனிச் செய்யத்தக்கது

1981ஆம் ஆண்டு மே மாத இறுதியில், நாவலர் பிறந்த யாழ்ப்பாணத்தில் பொது நூலகம் எரியூட்டப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் அரிய ஏடுகளும் அழிந்தன. படியுள்ளவை பிழைத்தன, படியில்லாதவை மீளவில்லை. பாடம் பழையதே.

புதுச்சேரியில் பிரெஞ்சு நிறுவனத்தாரும் கீழைத்தேயப் பள்ளியினரும் தொகுத்த சைவச் சுவடிகள் பதினோராயிரம் அளவின. சைவசித்தாந்த ஆகமங்களுக்கு உலகிலேயே பெருந்தொகுதி இதுவே. 2005இல் யுனெசுகோ நிறுவனம் இதனை உலக நினைவுப் பதிவேட்டிற் சேர்த்தது. இப்போது சுவடிகளைப் படமெடுத்து மின்னணு முறையில் வைக்கின்றனர். நற்பணி. ஆயினும் அன்பர்கள் ஒன்றை மறத்தல் ஆகாது. மின்னணுப் படமும் ஓலையைப் போன்றதே. கருவி மாறுந்தோறும் படியெடாவிடின் அழியும். படமெடுத்த ஏட்டைப் படிக்கவல்லார் இல்லையாயின், நினிவே நகரத்துக் களிமண் பலகைக்கும் அதற்கும் யாது வேறுபாடு?

ஆதலின் அடியேன் வேண்டுவன மூன்று. சுவடி உள்ள இல்லத்தார் அதனைத் துணியில் முடிந்து வணங்குவதோடு அமையாது, அறிந்தாரை அழைத்துக் காட்டிப் படமெடுக்க இசைதல் வேண்டும். ஏடு அவர் இல்லத்திலேயே இருக்கலாம். சைவ சபைகளும் திருமடங்களும் ஆண்டுக்குப் பத்து இளைஞர்க்கேனும் ஏடு படிக்கும் பயிற்சி அளித்தல் வேண்டும். ஒவ்வொருவரும் தம்மூர்த் திருப்பதிகம் ஒன்றையேனும் பண்ணோடு நெஞ்சிற் கொள்ளுதல் வேண்டும். முதலது உடலைக் காக்கும். இரண்டாவது கண்ணைக் காக்கும். மூன்றாவது உயிரைக் காக்கும்.

மண்டகப்பட்டுக்குச் செல்லும் அன்பர்கள் அப்பாறையின் முன் நின்று அரசன் விலக்கிய பொருள்களை எண்ணிப் பார்ப்பாராக. செங்கல், மரம், உலோகம், சுதை என்னும் நான்கும் இன்றி ஒரு கோயில் நிற்கும் என்று அவன் காட்டினான். ஓதுவார் இன்றி அது வாழாது என்பதைக் காலம் காட்டிற்று. அங்கு நின்று யாரேனும் ஒருவர் ஒரு பதிகத்தை வாய்விட்டு ஓதுவாராயின், அக்கல்லுக்கும் நம் ஏட்டுக்கும் செய்யத்தக்க கடன் அதுவே ஆகும்.

திருச்சிற்றம்பலம்